நீலாயி ஏறிய உச்சிக் கிளை

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேசவும் வாய்ச்சண்டை போடவும் தெரிந்திருந்த நாளில், மீன்கொத்தியும் கொக்கைப் போலக் கரையில் நின்றுதான் மீன் பிடித்தது. அப்படியொரு மீன்கொத்திதான் நீலாயி. அவள் கால்கள் விரற்கடை அளவுதான். ரோஷம் மட்டும் ஆளுயரம். அதில் தப்பே இல்லை.

ஒரு கோடையில் ஏரித் தண்ணீர் கொதித்தது. மீன்களெல்லாம் குளிர்ச்சி தேடி ஆழத்துக்கு இறங்கிவிட்டன. கரைப் பொந்தில் நீலாயியின் நாலு குஞ்சுகளும் இரண்டு நாளாய்ப் பட்டினி. கரையிலிருந்து பாய்ந்து பாய்ந்து பார்த்தாள். ஒரு சாண்கூட இறங்க முடியாமல் தக்கைபோல் மேலே வந்தாள்.

"உனக்கு எடை பத்தாது தங்கச்சி," என்றார், நீண்ட கால்களோடு ஆழத்தில் இறங்கி நின்ற கொக்கண்ணன். "என் பின்னாடியே வா. தினம் ஒரு மீன் போடுறேன்."

"கையேந்திப் பிள்ளை வளர்க்க மாட்டேண்ணே," என்று சொல்லிவிட்டு, ஏரிமேல் சாய்ந்திருந்த நாவல் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு பழம் விழுந்து, சேற்றின்மேல் சும்மா கிடந்தது. அடுத்து உச்சிக் கிளையிலிருந்து ஒன்று விழுந்தது. அதே அளவுப் பழம்தான். ஆனால் சேற்றுக்குள் முழுசாகப் புதைந்துபோனது. நீலாயி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் எறியவில்லையே, இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வேகம்?

"உயரம்தான்!" என்று கத்தினாள். "மேல இருக்கிறவரைக்கும் பலம் உள்ளுக்குள்ள பதுங்கிக் கிடக்கு. விழுறப்போ வேகமா மாறிடுது!"

பட்டினியில் சிறகு சோர்ந்திருந்தது. கிளை கிளையாகத் தொற்றி ஏறினாள். உச்சிக்கு வருவதற்குள் மூச்சு இரைத்தது.

"இருந்த பலத்தையும் ஏறியே வீணாக்கிட்டியே!" கொக்கண்ணன் பதறினார். "தவறினா கழுத்து முறிஞ்சிடும், இறங்கு!"

"வீண் இல்லண்ணே. பட்ட பாடெல்லாம் இந்த உயரத்துல பத்திரமா இருக்கு. பாருங்க."

சிறகை மடக்கினாள். அலகை நீட்டினாள். விழுந்தாள். விழ விழ வேகம் கூடிக்கொண்டே போனது. ஏரி பிளந்து வழிவிட்டது. குளிர்ந்த ஆழம்வரை போய், துள்ளும் கெண்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு எழுந்தாள்.

மூத்த குஞ்சின் வாயில் அதைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். கொக்கண்ணன் திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

"உங்களுக்கும் ஒண்ணு பிடிச்சுத் தரவாண்ணே?" என்று கேட்டாள்.

ஏறிச் சேர்த்த பலம் அந்த ஒரு பாய்ச்சலோடு சரி. இன்னும் மூன்று வாய்கள் காத்திருந்தன. நீலாயி தலை நிமிர்ந்து மறுபடி மரம் ஏறினாள். அன்று முதல்தான், மூழ்கி எழுந்த மீன்கொத்தி எதுவும் கரையில் தங்குவதில்லை. யாரிடமும் கையேந்தாமல், அடுத்த மீனுக்கான வேகத்தை எடுத்துவர உயரக் கிளைக்கே போகிறது.