சோலைக்கு ஒருவர்

"சேர்ந்து சாகலாம்னுதானே இங்க வந்தோம்? கடைசியில நாய்க்குட்டி மாதிரி வீட்டுக்கு ஒண்ணா தள்ளிவிடறீங்களே!"

சிஸ்டர் எமரென்சியா இதைச் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை சொல்லியாயிற்று. இப்போது தோட்டத்தில், மதர் லியோனியின் முதுகைப் பார்த்து, ஒரு சொல் பிசகாமல் மறுபடியும் சொன்னாள்.

நீலகிரிச் சரிவில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு ஒரே வேலைதான். யாருமில்லாமல் சாகிறவர்களின் பக்கத்தில் போய் உட்கார்வது. போன மழைக்கு வந்த காய்ச்சல், உட்கார்ந்தவர்களிலேயே பாதிப் பேரைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருப்பவர்களைத் திசைக்கொரு ஊருக்கு அனுப்ப மதர் முடிவெடுத்திருந்தார். எமரென்சியாவுக்கு ராமநாதபுரம். கணவன் போன பிறகு மடத்துக்கு வந்தவள் அவள். வயதில் மதருக்கு அக்கா, மடத்தில் கடைக்குட்டி. அந்த உரிமையில்தான் இந்த வாய்.

மதர் திரும்பி, இரண்டு இலைகளை அவள் கையில் வைத்தார்.

"என்ன மரம்?"

"இது காட்டு நாவல். இது... தடிமனா இருக்கே. வேற ஏதோ."

"ரெண்டும் நாவல்தான். ஒண்ணு கிழக்குச் சோலை, ஒண்ணு மேற்குச் சோலை."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க மதர். பாட்டனி கிளாஸ் வேணாம்."

"உலகமே குளிர்ந்து கிடந்த காலம் ஒண்ணு இருந்தது. இங்க மழை வத்திப்போச்சு. மேட்டு மரமெல்லாம் பட்டுப்போய்ப் புல்லாச்சு. ஈரம் கசிஞ்ச பள்ளத்துல மட்டும், இந்தச் சோலைங்க மாதிரி, மரம் பிழைச்சுது. ஆயிரக்கணக்கான வருஷம், ஒரு பள்ளத்து மகரந்தம் இன்னொண்ணுக்குப் போகல."

"அதனால இலை மாறிடுச்சாக்கும்."

"இலை மட்டுமா? விதைக்குள்ள வரைக்கும். மழை திரும்பினப்போ காடு அந்தப் பள்ளங்கள்லேர்ந்துதான் வெளிய வந்தது. போன வருஷம் பூச்சி விழுந்து கிழக்குச் சோலை நாவல் கருகிச்சே, மேற்குல ஒரு இலை வாடுச்சா?"

"வாடல."

ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்கு எரிச்சல்.

"போற ஊர்ல வேலையை ஆளுக்கொரு விதமா மாத்திடுவோம் மதர். அந்த சிஸ்டர் செலஸ்டீனா செபத்தை விட்டுட்டுப் பாட ஆரம்பிச்சிடுவா. நான் சாகிறவன்கிட்டயும் வாயடிச்சிட்டிருப்பேன். அப்புறம் அது நம்ம வேலையா?"

"இதுல எந்த இலை நாவல்?"

எமரென்சியா இரண்டு இலைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள்.

"எல்லாப் பள்ளமும் பிழைச்சுதா?"

"இல்ல. நிறைய செத்துப்போச்சு."

"ராமநாதபுரம்?"

"தெரியாது."

மதருக்கு இருமல் வந்தது. காய்ச்சல் போயும் போகாத இருமல். வாயைத் துடைத்த கைக்குட்டையைச் சட்டென்று மடித்துக்கொண்டார்.

அப்போதுதான் எமரென்சியாவுக்கு உறைத்தது. எல்லாருக்கும் ஊர் சொன்னவர், தனக்கென்று ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்க எந்த ஊருக்கு?"

"மேட்டுல நின்ன மரம் எங்கயும் போகல, சிஸ்டர்."

கல்லறைப் பக்கம் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"சாகிறவங்க பக்கத்துல உட்கார்றதுதானே நம்ம வேலை?"

மதர் களை பிடுங்கக் குனிந்தார்.

"கேக்குதா மதர்? என்னை இங்கயே விடுங்க."