குட்ஸ் வண்டியும் சுடுசோறும்

ஜோலார்பேட்டையில் ஒரு குரு இருந்தார். பெயர் நசீமா. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். ரெடிமேட் ரயில் பொம்மையை நிஜ ரயிலாக மாற்றுவது பைத்தியம். பல்லை ராவ வாங்கிய கருவிகளே பைத்தியத்துக்கும் போதுமானதாக இருந்தன.

பொம்மை என்று நான் சொன்னது அவர் காதில் விழக்கூடாது. மாடல் என்று சொல்ல வேண்டும்.

கடையிலிருந்து வரும் இன்ஜின் அச்சில் வார்த்தது. ஆயிரம் வாங்கினாலும் ஆயிரத்துக்கும் ஒரே முகம். குரு அதன் பிளாஸ்டிக் கைப்பிடிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய கம்பியில் புதுக் கைப்பிடி வைப்பார். பளபளப்பைக் கொல்வார். மழை ஒழுகிய கறையும் பிரேக் தூள் படிந்த பழுப்பும் தூரிகை நுனியில் வரும். வேலை முடியும்போது அந்த இன்ஜினுக்கு ஒரு ஊரும் ஒரு வயதும் வந்திருக்கும்.

அவருக்கு ஒரு சீடர். தணிகாசலம், ரிடயர்டான குட்ஸ் டிரைவர். குருவுக்கு அப்பா வயது. முதல் நாள் கிண்டலாகத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். அவர் தானே பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்த இன்ஜினைக் குரு ஒரு பார்வை பார்த்தார். ஸ்பிரிட்டில் முக்கி, மொத்தத்தையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு கிண்டல் போய்விட்டது. 'குருவே' மட்டும் நிலைத்துவிட்டது.

சீடர் வேறு எதையும் செய்ய விரும்பவில்லை. தன்னுடைய வண்டி ஒன்றுதான். கரி ஏற்றிக்கொண்டு அனல்மின் நிலையத்துக்குப் போகும் குட்ஸ். பணிக்காலத்தில் பெரும்பகுதியை அதில்தான் ஓட்டித் தீர்த்தார்.

"யாருக்கு சார் இது?" என்று குரு கேட்டார்.

"வேதவல்லிக்கு."

வேதவல்லி அவர் மனைவி. ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டுப் பின்புறம்தான் தண்டவாளம். அந்த அம்மாள் துணி துவைத்ததும் பாத்திரம் தேய்த்ததும் பிள்ளைகளுக்குத் தலை வாரியதும் அந்தப் பின்கட்டில்தான். தணிகாசலத்தின் வண்டி அவர் கண்ணெதிரேதான் போகும்.

"வீட்டைத் தாண்டறப்போ ஹாரன் ஒரு தட்டு தட்டுவேன். அவளுக்குத் தெரியும்."

"இப்ப இன்னா சொல்றாங்க?"

சீடர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"இப்பவா? ரிடயர்டாகி வீட்டுல உக்காந்தா, ரெண்டு பேரும் விருந்தாளிங்க மாதிரி இருக்கோம் குருவே. காப்பி குடிக்கிறீங்களான்னு கேப்பா. குடிக்கலாம்பேன். அதோட பேச்சு முடிஞ்சிடும். பசங்க பொறந்தப்போ நான் இல்ல. அவங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ நான் இல்ல. வண்டியில இருந்தேன். அந்த வண்டியப் பார்த்து, இது உங்க வண்டின்னு அவ ஒரு வார்த்தை சொல்லணும். அவ்ளோதான்."

சொல்லாவிட்டால் அத்தனை வருஷத்தையும் தான் ஒருவர் மட்டுமே வாழ்ந்ததாக ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. குருவுக்குப் புரிந்தது.

மாடியில் குருவின் ரயில் பலகை இருந்தது. ஹால் நீளத்துக்குப் பிளைவுட். ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் உட்கார்ந்து பார்க்க நாற்காலி. சீடர் நாற்காலிப் பக்கத்து ஓரத்தில் தன் குவார்ட்டர்ஸைக் கட்டினார். துவைக்கிற கல்லைக்கூட விடவில்லை. வீட்டை ஒட்டி இரண்டு தண்டவாளம். போகிற வண்டிக்குத் தள்ளியிருப்பது, வருகிற வண்டிக்குப் பக்கத்தில் இருப்பது. ரூல் என்றால் ரூல்.

முதல் தடவை வேதவல்லியை அழைத்து வந்தபோது இன்ஜினுக்கு நிறம் மட்டும்தான் ஏறியிருந்தது. வண்டி வீட்டைத் தாண்டிப் போயிற்று.

"நல்லாருக்கு" என்றார் வேதவல்லி. பக்கத்து வீட்டுக்காரி காட்டும் புடவையைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

சீடர் சளைக்கவில்லை. இன்ஜினுக்கு நம்பர் எழுதினார். மேலே மின்கம்பியைத் தொடும் சட்டத்தைக் கிடார் கம்பியில் புதிதாகச் செய்தார். மறுபடி அழைத்து வந்தார்.

"நல்லாருக்கு. ரொம்ப நுணுக்கம்."

சீடர் மாதக்கணக்கில் உட்கார்ந்தார். டிரைவர் அறைக்குள் வைக்க அரிசிக்குக் கொஞ்சம் பெரிய அளவில் தன்னையே செதுக்கினார். கழுத்தில் பச்சைத் துண்டு. ஜன்னலுக்கு வெளியே போட்ட கை. அதில் ஒரு பொட்டு வெள்ளிப் பெயிண்ட், அது வாட்ச். பக்கத்து இருக்கைக்கு அசிஸ்டென்ட் ஏழுமலையையும் மீசையோடு செய்தார். வேகன்களில் நிஜக் கரியையே உடைத்து நிரப்பினார். பசை போட்டு ஒட்டச் சொன்னார் குரு. நிஜக் கரியை எவனாவது ஒட்டுவானா என்று மறுத்துவிட்டார் சீடர்.

"இது திரும்பி வராதா சார்?" என்று குரு அன்று கேட்டார்.

"வரும். கரியக் கொட்டிட்டு வெறும் வண்டியா வரும். அதுல பார்க்க இன்னா இருக்குது?"

குரு பல்செட்டைத் தேய்க்கப் போய்விட்டார்.

மூன்றாம் தடவை வேதவல்லி வந்தார். வண்டி போயிற்று. கரி மினுங்கிற்று. சீடர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார் வேதவல்லி. கொட்டாவி வந்தது. "போலாமா?"

மறுநாள் சீடர் தனியாக வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"குருவே, இன்னும் இன்னா சேர்க்கணும்? ஒரு ஆணி பாக்கி இல்ல. தெனம் பார்த்தவளுக்கு ஏன் அடையாளம் தெரியல?"

குரு நாற்காலியை நகர்த்தினார்.

"இப்படிக் கீழ உக்காருங்க சார். கண்ணு அந்தத் துவைக்கிற கல்லு உயரத்துக்கு வரணும்."

முட்டி வலியோடு சீடர் உட்கார்ந்தார். குரு வண்டியை விட்டார். தள்ளியிருந்த தண்டவாளத்தில் இன்ஜின் வீட்டைத் தாண்டியது.

"யார் தெரியறாங்க?"

"ஏழுமலை" என்றார் சீடர்.

"நீங்க?"

"நான் அந்தப் பக்கம். டிரைவர் எடது பக்கம்தான உக்காரணும். வீடு வலது பக்..."

குரு வண்டியைப் பின்னால் இழுத்து மறுபடி விட்டார். மறுபடியும் ஏழுமலை மீசையோடு போனான்.

"அடப்பாவி! இத்தினி வருஷமும் ஹாரன் அடிச்சது நானு. என் பொண்டாட்டி பார்த்தது ஏழுமலையவா?"

குரு சிரித்துவிட்டார். சீடரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்று, கண் கலங்கிவிட்டது.

"அப்போ அவ என்னப் பார்க்கவே இல்லியா குருவே?"

சீடர் பலகையில் இருந்த வீட்டைத் தொட்டார்.

"வீட்டப் பேர்த்து அந்தப் பக்கம் வெச்சிடலாமா?"

"வீடு அந்தப் பக்கமா இருந்துச்சு?"

"இல்ல."

"உங்கள இந்த சீட்டுக்கு மாத்திடட்டுமா?"

"கூடாது" என்றார் சீடர் உடனே. எவ்வளவு துக்கத்திலும் டிரைவர் வலது பக்கம் உட்காருவதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அப்போது குரு ஒரு காரியம் செய்தார். ஒரு பழைய பேப்பரை விரித்தார். வேகன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கரியை அதில் கவிழ்த்தார்.

"ஐயோ! இன்னாம்மா பண்ற?" சீடருக்குக் குரு என்பதே மறந்துபோயிற்று. "ஒவ்வொரு துண்டா சலிச்சுப் போட்டேன்மா!"

"ஞாயித்துக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு வாங்க. இன்ஜின் என்கிட்ட இருக்கட்டும்."

சீடருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் போனார். வீட்டில் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டபோது அது கொஞ்சம் தணிந்தது. அவர் வீட்டில் சோறு ஆறி அவர் பார்த்ததில்லை. விடியற்காலையோ மத்தியானமோ, டியூட்டி முடிந்து எந்நேரத்துக்குப் போனாலும் தட்டில் ஆவி பறக்கும். எப்படி என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. சூரியன் ஏன் உதிக்கிறது என்று யாராவது கேட்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை வேதவல்லி சலித்துக்கொண்டேதான் படியேறினார்.

"மறுபடியுமா? அதே வண்டிதான?"

"குரு கூப்பிட்டாங்க. வா."

வேதவல்லி நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடத் தொடங்கினார். சீடர் சுவரோரம் நின்றார். பலகையில் வண்டியைக் காணோம். அது அட்டை மலைக்குப் பின்னால் இருந்தது. வண்டி எப்போதும் போய் மறைகிற பக்கத்து மலை அது. அங்கிருந்து வண்டி கிளம்பும் வழக்கமே இல்லை.

குரு விசையைத் திருப்பினார்.

முதலில் சத்தம்தான் வந்தது. கரி இல்லாத பிளாஸ்டிக் வேகன்கள் தண்டவாள இணைப்புகளில் தடதடவென்று குதித்துக்கொண்டு வந்தன.

பைக்குள் துழாவிய கை நின்றது. வேதவல்லி எழுந்துவிட்டார்.

"ஒலை வைக்கணும்" என்றார்.

மலை முடிந்த இடத்தில் இன்ஜின் தலைகாட்டியது. இந்த இன்ஜினுக்கு இரண்டு முனையிலும் டிரைவர் அறை உண்டு. போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றது. குரு அந்த அரிசி மனிதரை முன்னறையிலிருந்து பெயர்த்து, பின்னறையில் உட்கார வைத்திருந்தார். இடது பக்கம்தான். ரூல் மாறவில்லை. ஆனால் வண்டி திரும்பி வருகிறபோது இடது பக்கம் வீட்டுப் பக்கமாகிவிட்டது. வீட்டை ஒட்டிய தண்டவாளத்தில், துவைக்கிற கல்லுக்குக் கை எட்டுகிற தூரத்தில், பச்சைத் துண்டும் வெளியே போட்ட கையுமாகத் தணிகாசலம் போனார்.

வேதவல்லிக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பாருங்க என் புத்திய! வெறும் வண்டி சத்தம் கேட்டா எனக்குக் கையி நிக்காது. ஒலைய வெச்சிட்டு ஓடியாந்து பின்கட்டுல நிப்பேன். நீங்க ஷெட்டுல கையெழுத்துப் போட்டுட்டு நடந்து வர்றதுக்குள்ள சோறு வெந்துடும்."

"எந்த வண்டி வந்தாலுமா?" என்றார் சீடர்.

"அதான் வாட்ச் மின்னுமே. ஜன்னல்ல வேற யார் கையாச்சும் இருந்தா போயி அடுப்ப அணைச்சிடுவேன்."

அவர் குனிந்து, கண்ணாடி போடாமலே இன்ஜினை உற்றுப் பார்த்தார்.

"இது உங்க வண்டிங்க. இத ஏன் மொதல்லியே காட்டல?"

சீடர் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு மூலை தேடினார். அந்த ஹாலில் மூலைக்கெல்லாம் பெயிண்ட் டப்பா. குருவின் பக்கத்தில்தான் இடம் இருந்தது. குரு பேப்பரில் கிடந்த கரியை ஒரு டப்பாவில் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"நான் இத்தினி மாசம் செஞ்சதுல இன்னா கொறை இருந்துச்சு குருவே?"

"ஒரு கொறையும் இல்ல சார். நீங்க போற வண்டியச் செஞ்சிருந்தீங்க. அவங்க பார்த்தது வர்ற வண்டிய."