தலைக்குப் போன தீர்த்தம்

சாக்கடைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும் பண்ணையை ஒட்டிய ஊர் அது. நகராட்சி விடும் போர்வெல் தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது என்று ஊரே புலம்பியது. பெருமாள் கோயிலுக்கு வந்த நகராட்சித் தலைவர் தணிகாசலம் அதையே சொல்லிவந்த பூசாரி ரங்கப்பனிடம் சீறினார்.

"சுத்தமான தண்ணியைக் குறை சொல்றியா? கெட்டதுன்னா இப்பவே, இங்கேயே நிரூபி!"

"ஆகட்டுங்க. முதல்ல தீர்த்தம் வாங்கிக்குங்க."

உள்ளங்கையில் விழுந்ததைத் தலைவர் உற்றுப் பார்த்தார். "இது எந்தத் தண்ணி?"

"சுத்தமான தண்ணிதாங்க."

மூன்று முறை ஊற்றினார் பூசாரி. மூன்று முறையும் தலைவர் உதட்டில் படாமல் அப்படியே தலையில் தடவிக்கொண்டார். கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது.

"உங்க கார்ல இருந்து டிரைவர் எடுத்துக் கொடுத்த பாட்டில் தண்ணிங்க அது," என்றார் ரங்கப்பன். "நான் என்னத்தைங்க நிரூபிக்கிறது? நீங்களே நிரூபிச்சிட்டீங்க."