செய்தியைப் படித்துப் பயந்தவர்

"எல்லாரும் படிக்கிற அதே பேப்பரைத்தான் அம்மணி நானும் படிக்கிறேன். அவங்களுக்கெல்லாம் அதுல தொழில் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே தெரியமாட்டேங்குது?"

வஹிதாவிடம் இப்படிக் கேட்ட நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தேய்ந்த லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை வைத்திருந்தார். புது டயரே விலை இறங்கியதும் பட்டறைக்கு வண்டி வருவது நின்றுபோனது. தை மாதம் பூட்டினார்.

வஹிதா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே, பெரிய குடை ஒன்றின் கீழ் மேஜை போட்டு, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர். அரசாங்கம் எந்த விதியை மாற்றினாலும் அதன் சலசலப்பு முதலில் அந்த மேஜைக்குத்தான் வரும்.

லாரிகளுக்குப் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும் என்று ஒரு வருடம் செய்தி வந்தது. பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ராசாமணியிடம், "அக்கா, அந்தப் பட்டையை வாங்கி வைங்க" என்றார் வஹிதா. இன்றைக்கு ராசாமணிக்கு மூன்று கடை.

அதனால்தான் நாச்சிமுத்து வந்திருந்தார். பதினைந்து நாள் பேப்பர்களைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். சிவப்புப் பென்சிலால் நிறையக் கோடு போட்டிருந்தார்.

"வட்டி விகிதம் குறையுதாம்."

"அதனால யாருக்கு இன்னைக்கு சோறு இறங்கியிருக்காது?" என்று கேட்டார் வஹிதா.

நாச்சிமுத்து அடுத்த சிவப்புக் கோட்டைத் தேடினார்.

"முட்டை ஏற்றுமதிக்குப் புதுசா ஒரு முத்திரை வேணுமாம்."

"யாருக்கு சோறு இறங்கியிருக்காது?"

"அது எப்படிம்மா எனக்குத் தெரியும்? பேப்பர்ல அதைப் போடலையே."

வஹிதா சிரிக்கவில்லை. அன்றைய பேப்பரைப் புரட்டி, ஒரு சின்னச் செய்தியைக் கிழித்து அவர் கையில் வைத்தார். லாரி ஓட்டுநர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க இனி டாக்டர் சீட்டு மட்டும் போதாது, நேரில் வந்து இயந்திரத்தில் கண்ணைக் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது.

"இதைப் படிச்சுப் பயந்த ஒருத்தரைக் கண்டுபிடிச்சுட்டு வாங்கண்ணா. அதுவரைக்கும் பேப்பர் வேண்டாம்."

"பயந்தவரைக் கண்டுபிடிச்சு?"

"முதல்ல கண்டுபிடிங்க."

நாச்சிமுத்து லாரிப்பேட்டைக்குப் போனார்.

"பயமா? எங்களுக்கா?" என்று ஓட்டுநர்கள் சிரித்தார்கள். "மலைப்பாதையில பிரேக் இல்லாம இறங்கினவங்க நாங்க."

இரண்டாம் நாளும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் டீக்கடை பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் அங்கப்பன் என்ற ஓட்டுநர் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடிப்பவர். பட்டறை நாள்களிலிருந்தே பழக்கம்.

"என்னமோ துண்டுச் செய்தி வெச்சுட்டு சுத்தறீங்களாமே. குடுங்க பாக்கலாம்."

அங்கப்பன் அதை வாங்கினார். கையை நீட்டிப் பிடித்தார். நெற்றியைச் சுருக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல விதிதானுங்க. வரட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

நாச்சிமுத்து துண்டைத் திருப்பிப் பார்த்தார். அங்கப்பன் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் செய்தியே இல்லை. அது ஒரு புடவைக் கடை விளம்பரம்.

இருவரும் டீ குடித்தார்கள்.

"எத்தனை வருஷமா?" என்று மெதுவாகக் கேட்டார் நாச்சிமுத்து.

அங்கப்பன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நாலு வருஷமாச்சுங்க. கிட்டத்துலயும் கண்ணு சரியாத் தெரியறதில்ல, தூரத்துலயும் தெரியறதில்ல. முன்னாடி போற வண்டியை வெச்சுத்தான் ஓட்டறேன். போன மாசம் ஒரு வளைவுல சைக்கிள்ல ஒரு புள்ளை. பள்ளிக்கூடத்துப் பாவாடை. கடைசி நொடியிலதான் தெரிஞ்சுது. பிரேக் போட்டுட்டு ஓரமா நிறுத்தி வாந்தி எடுத்தேன்."

"டாக்டர்கிட்டப் போகலையா?"

"இந்த ஊர்ல எந்த டாக்டர் வாசல்ல உக்காந்தாலும் பேட்டைக்குத் தெரிஞ்சுரும். ஓனர் சாவியை வாங்கிடுவார். எனக்கு வேற என்னங்க தெரியும்? பொண்ணு இன்னும் நர்சிங் முடிக்கல."

"வீட்டுல தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன்."

பட்டறையைப் பூட்டிய பிறகு, தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு எங்கேயோ வேலை இருப்பதுபோல் வீட்டிலிருந்து கிளம்பிய ஒரு மாதத்தை நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கு என்கூட வாங்க. அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அங்கப்பன் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

முகம் தெரியாத ஊராகப் பார்த்து, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். கண் ஆஸ்பத்திரியில் அங்கப்பனை மூன்று அறைகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு கதவிலும் அவர் திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து அதே நாற்காலியில் இருந்தார்.

"பெரிய கோளாறு எதுவுமில்லை. கண்ணாடி போட்டாப் போதும்" என்றார் டாக்டர். "இவ்வளவு நாள் ஏன் வரலை?"

அங்கப்பன் கண்ணாடிக்கான சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

சாயங்காலம் கண்ணாடி கிடைத்தது. போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கினார். வாசலில் ஒரு வேப்பமரம். நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இலை இலையாத் தெரியுதுங்க."

படியிலேயே உட்கார்ந்து அழுதார். நாச்சிமுத்துவும் உட்கார்ந்தார். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அங்கப்பன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க மீசைக்கு மை போடுவீங்களா?"

"வாயை மூடிட்டு பஸ் ஏறுங்க."

வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார் அங்கப்பன். முன் ஸீட்டில் இருந்தவர் இரண்டு முறை திரும்பி முறைத்தார்.

பத்து நாள் கழித்துத்தான் நாச்சிமுத்து வஹிதாவிடம் போனார். கையில் பேப்பர் கட்டு இல்லை.

"பயந்தவர் கிடைச்சாராண்ணா?"

நடந்ததைச் சொன்னார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

"புதன்கிழமை மெஷின்ல கண்ணைக் காட்டினார். பாஸ்."

"சரி. தொழில் கிடைச்சுதா?"

"அதைத் தேடறதுக்கு எங்கம்மா நேரம்? அவர் நாலு பேரைக் கூட்டிட்டு வந்துட்டார். அந்த நாலு பேர் இன்னும் ஒம்பது பேரைச் சொல்றாங்க. அத்தனை பேரும் ஒரே நாள்ல லீவு போட்டு பஸ் ஏறினா பேட்டைக்குத் தெரியாமப் போகுமா? அதான் பட்டறையைக் கூட்டிக் கழுவி வெச்சிருக்கேன். அந்த ஆஸ்பத்திரியில கண் பாக்கற பொண்ணு ஞாயித்துக்கிழமை கருவியோட வர்றேன்னுச்சு. பட்டறைக்குப் பின்வாசல் இருக்கு. டயருக்குக் காத்துப் பிடிக்க வந்த மாதிரி வண்டியை நிறுத்திட்டு, உள்ள வந்து பாத்துட்டுப் போயிறலாம். எவனுக்கும் சந்தேகம் வராது. கண்ணாடியைச் சும்மா தர்றேன்னா வரமாட்டேங்கறாங்க, காசு வாங்குன்னு சண்டை போடறாங்க. ஃபிரேம் மொத்தமா எங்க கிடைக்கும்னு விசாரிக்கணும். பக்கத்து ஊர்ப் பேட்டையில இருந்தும் ஆள் விட்டுக் கேக்கறாங்க. உங்ககிட்ட வந்து உக்காரக்கூட..."

நாச்சிமுத்து பேச்சை நிறுத்தினார். வஹிதா கேட்ட கேள்வி அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதைக் கவனித்ததாக வஹிதா காட்டிக்கொள்ளவில்லை. யாரோ கொடுத்துவிட்டுப் போன விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ முறை வந்து இதே மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறார். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. தலை காகிதத்தின் மேல் கவிழ்ந்திருந்தது. பேனாவுக்கும் மூக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இல்லை. ஒரு வரி முடிந்ததும் கண்களை இறுக மூடித் திறந்தார். பிறகு அடுத்த வரி.

"அம்மணி."

"ம்."

"ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறோம்."

பேனா நின்றது.

"முதல் ஆளா உங்களைப் பாக்கச் சொல்றேன்" என்றார் நாச்சிமுத்து. "பின்வாசல் வழியா வாங்க."