கிழக்கு வாயிலைத் திறந்தவர்கள்

பகைவர் படை வந்து சேர இன்னும் நான்கு நாள் என்று ஒற்றர்கள் சொன்ன அன்று காலை, சேந்தன் தன் ஆசிரியரைத் தேடி வடக்கு மதிலோரம் இருந்த சமணப் பள்ளிக்குப் போனார்.

ஆசிரியர் ஒரு பெண் துறவி. குரத்தியார் என்று ஊரார் அழைத்தார்கள். சேந்தனைவிடப் பதினைந்து வயது இளையவர். அரண்மனை ஓலைச்சாலையில் முப்பது ஆண்டு எழுதிக் கண் மங்கிய ஒருவர், தன்னைவிடச் சின்னவளிடம் போய்த் தரையில் உட்கார்ந்து பாடம் கேட்கிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. சேந்தன் அதைப் பொருட்படுத்தியதில்லை.

அன்று அவர் கையில் ஒரே ஓர் ஓலை இருந்தது.

பதினோரு ஆண்டுகளாக அவர் ஏழ்வாயில் நகரத்தின் வரலாற்றை எழுதி வந்தார். ஊர் கண்ட ஐந்து போர்கள், எந்த வாயிலை எந்த மன்னன் கட்டினான், எந்தப் பஞ்சத்தில் எந்தத் தெரு காலியானது என்று எல்லாம் அதில் இருந்தன. நூற்றுக்கணக்கான ஓலைகள். அவற்றிலிருந்து இந்த ஒன்றை மட்டும் உருவி எடுத்து வந்திருந்தார்.

"நகரத்தார் சபை நாளைக் காலை கூடுகிறது. இதை அங்கே நான் படிக்க வேண்டுமாம்" என்றார்.

"படியும்" என்றார் குரத்தியார்.

சேந்தன் படித்தார்.

"ஐந்தாம் போரில், முற்றுகையின் இருபதாம் நாள் விடியலில், அக்கரைத் தெருவார் கிழக்கு வாயிலைப் பகைவர்க்குத் திறந்துவிட்டனர். நகரத்தார் எண்ணூற்றுவர் மாண்டனர். போர் முடிந்தபின் அக்கரைத் தெருவார் ஒன்பதின்மர் அதற்குரிய தண்டனை பெற்றனர்."

படித்து முடித்தபின் ஓலையை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கரையார் இரண்டாம் போரில் ஆற்றின் மறுகரை எரிந்தபோது தப்பி வந்தவர்கள். கிழக்கு மதிலை ஒட்டி ஒரு தெருவை ஊர் அவர்களுக்குக் கொடுத்தது. கயிறு திரித்துப் பிழைத்தார்கள். வந்து நூறு ஆண்டு கடந்தும், சொல்லின் கடைசியை இழுத்துப் பேசும் பழக்கம் அவர்களிடம் போகவில்லை.

"படித்தபின் என்ன நடக்கும்?" என்று குரத்தியார் கேட்டார்.

"அவர்களை மதிலுக்கு வெளியே அனுப்புவதாகத் திட்டம். இருநூறு குடும்பம். பகை உள்ளே இருக்கும்போது வாயிலை அடைத்து என்ன பயன் என்கிறார் சபைத் தலைவர் பதுமனார்."

"வெளியே படை வருகிறதே."

"ஆமாம்."

"உம் கேள்வி என்ன?"

சேந்தன் சற்றுத் தயங்கினார். "நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுதியதைப் படிக்கச் சொல்கிறார்கள். இதில் என் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் அடிகளே?"

குரத்தியார் கையை நீட்டினார். சேந்தன் ஓலையைக் கொடுத்தார். அவர் அதைப் புரட்டி இருபுறமும் பார்த்தார்.

"அன்று விடியலில் நீர் ஊரில் இருந்தீரா?"

"இருந்தேன். சிறுபிள்ளை. என் தந்தை அன்றுதான் இறந்தார்."

"அவர்கள் திறந்ததைப் பார்த்தீரா?"

"ஊர் முழுக்கத் தெரிந்த செய்தி அது."

"ஊருக்கு யார் சொன்னது?"

சேந்தன் குரத்தியாரின் கையிலிருந்த ஓலையைப் பார்த்தார்.

"பொழுது இருக்கிறது. கேட்டு வாரும்" என்று சொல்லி ஓலையைத் திருப்பிக் கொடுத்தார் குரத்தியார்.

தெருக்களில் நடக்க இடமில்லை. வெளியூர்களிலிருந்து வண்டிகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. பெண்கள் கிணற்றடியில் சண்டை போட்டார்கள். கொல்லர்கள் இரவும் பகலும் இரும்பு அடித்ததில் கடைத்தெரு முழுக்கக் கரிப்புகை. அக்கரைத் தெரு முனையில் மட்டும் ஆள் நடமாட்டம் இல்லை. முதல் வீட்டுக் கதவில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள்.

சேந்தன் முதலில் பதுமனார் வீட்டுக்குப் போனார்.

"யார் சொன்னார்கள் என்று இப்போது எதற்கு?" என்றார் பதுமனார்.

"சபையில் யாராவது கேட்டால் சொல்ல வேண்டாமா?"

அது நியாயம் என்று பதுமனாருக்குப் பட்டது. "என் மாமன் சொன்னார். அவருக்குக் காவலர் தலைவன் எயினன் சொன்னான். கிழக்கு வாயிலில் நின்றவன் அவன்தானே. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

எயினன் இறந்து பல ஆண்டு ஆகிவிட்டது. அவன் மகன் இப்போது தெற்கு வாயில் காவலில் இருந்தான். சேந்தன் அங்கே போனபோது மதில்மேல் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா பார்க்கவில்லை" என்றான் மகன். "முந்தின நாளே தோளில் அம்பு பட்டு, காயம்பட்டவர்களோடு அறச்சாலையில் கிடந்தார். அவர் காவலில் இருந்திருந்தால் வாயில் திறந்திருக்காது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்."

"பிறகு அவருக்கு யார் சொன்னது?"

"அங்கே கஞ்சி ஊற்றிய பெண் ஒருத்தி. சாத்தி என்று பேர். இன்னும் இருக்கிறாள், குளத்துமேட்டில்." அவன் கல்லைக் கீழே வைத்தான். "ஐயா, என் வீடு கிழக்கு மதிலோரம். மூன்று பிள்ளைகள். அவர்களை வெளியே அனுப்பிவிடுவீர்கள் அல்லவா?"

சேந்தன் குளத்துமேட்டுப் பக்கம் நடந்தார்.

சாத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து காயத்துக்குக் கட்டப் பழந்துணி கிழித்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதிருக்கும். கேள்வியைக் கேட்டதும் கை நின்றது.

"எனக்கு ஒரு பையன் சொன்னான்."

"எந்தப் பையன்?"

"விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். உடம்பெல்லாம் சாம்பல். அப்பனுக்குச் சோறு கொண்டுபோனவன். அந்தப் பாத்திரத்தைக் கையிலேயே வைத்திருந்தான். அப்பன் செத்தது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வாயிலைத் திறந்தது யார் என்று அவனிடம் கேட்டேன். தெரியாது என்றான்."

"தெரியாது என்றானா?"

"முதலில் அப்படித்தான் சொன்னான். மறுபடி கேட்டேன். கட்டில்களில் கிடந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். எயினர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். பையன் பசியில் இருந்தான். அக்கரைக்காரர் சத்தம் கேட்டதாகச் சொன்னான். உடனே ஊற்றினேன்."

"அவன் யார் மகன்?"

"அழிசி என்று ஒரு தச்சர். அவர் மகன்."

சேந்தன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

அவருக்கு நினைவு வந்தது. ஒரேயடியாக வரவில்லை. முதலில் பாத்திரத்தின் சூடு வந்தது. பிறகு புகை. கிழக்கு வாயிலுக்குச் சற்றுத் தூரத்தில் நின்றிருந்தார். சொல்லின் கடைசியை இழுக்கும் குரல் ஒன்று பெரிதாகக் கத்தியது. திற என்று கத்தியதா, திறக்காதே என்று கத்தியதா, யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதா, அது அன்றும் அவருக்குத் தெரியாது. அதன் பிறகு தாழ்ப்பாள் விழுந்த ஓசை. பிறகு ஓட்டம்.

"நான்தான் அது" என்றார்.

சாத்தி கையிலிருந்த துணியை மடியில் வைத்தாள்.

"மறுபடி கேட்டிருக்கக் கூடாது" என்றாள். யாரைச் சொன்னாள் என்று சேந்தன் கேட்கவில்லை. அவள் துணியைக் கிழிக்கத் தொடங்கினாள்.

பொழுது சாயும் நேரம் அவர் பள்ளிக்குத் திரும்பினார். நடந்ததைச் சொன்னார்.

"ஒன்பது பேர், அடிகளே. அதற்குரிய தண்டனை என்று நானே எழுதியிருக்கிறேன்."

சேந்தன் ஓலையைத் தரையில் வைத்தார்.

"நாளை இதைச் சபையில் சொன்னால், அப்படியானால் திறந்தது யார் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. பயந்துபோயிருக்கிறார்கள். கையில் இருக்கும் பெயரைப் பிடுங்கினால் வேறொரு பெயரைத் தேடுவார்கள். அது என் பெயராக இருக்கலாம். உங்கள் பெயராகவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"ஒருவேளை உண்மையிலேயே அவர்கள்தான் திறந்திருந்தால்? நாளை என் பேச்சைக் கேட்டு அவர்களை உள்ளே வைத்து, ஐந்தாம் நாள் வாயில் திறந்தால்?"

குரத்தியார் எழுந்தார். நடக்கும்போது தரையைப் பெருக்கும் மயிற்பீலியை எடுத்துக்கொண்டார். நீர்க்கலத்தை எடுத்துக்கொண்டார். அவருக்கு உடைமை என்று இருந்தவை அவ்வளவுதான்.

"எங்கே போகிறீர்கள்?"

"அக்கரைத் தெருவுக்கு. நாளை அவர்களை வெளியே அனுப்பினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் வேண்டும்."

"நான் சபையில் என்ன சொல்லப்போகிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே."

"இல்லை" என்று சொல்லி அவர் படியிறங்கினார்.

மறுநாள் சபை கோயில் மண்டபத்தில் கூடியது. இடம் போதாமல் குளக்கரை வரை கூட்டம் நின்றது. அக்கரைத் தெருவின் சார்பில் கண்டன் என்பவன் வந்திருந்தான். கொல்லப்பட்ட ஒன்பது பேரில் ஒருவர் அவனுடைய பாட்டன். அவனைச் சுற்றி ஓர் ஆள் படுக்குமளவு இடம் காலியாக இருந்தது.

சேந்தன் ஓலையை முழுதும் படித்தார். கூட்டம் இரைந்தது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"இந்தச் செய்தியை முதலில் சொன்னவன் நான்" என்றார். "அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு குரல் கேட்டது. அது என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. வாயிலை யார் திறந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. நேற்று கேட்டுப் பார்த்தேன். வேறு யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை."

"அக்கரைத் தெருவில் உமக்கு யார் உறவு?" என்றார் பதுமனார்.

"யாரும் இல்லை."

"அப்படியானால் திறந்தது யார்?"

"தெரியாது."

"நாற்பத்தொரு ஆண்டு கழித்து வந்து தெரியாது என்கிறீர்."

"நாற்பத்தொரு ஆண்டுக்கு முன்பும் முதலில் அதைத்தான் சொன்னேன்."

பின்னாலிருந்து ஒரு செருப்பு வந்து அவர் தோளில் விழுந்தது. அதைத் தொடர்ந்து பெரிய கூச்சல். சிலர் அவரை அடிக்க வந்தார்கள். சிலர் தடுத்தார்கள். தடுத்தவர்களில் தெற்கு வாயில் காவலனும் இருந்தான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே கண்டன் நடந்து வந்து சேந்தனின் முன் நின்றான்.

"இது உமக்கு எப்போது தெரியும்?"

"நேற்றுப் பிற்பகல்."

கண்டன் அவர் முகத்தைப் பார்த்தான். வணங்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மண்டபத்தை விட்டு வெளியேறினான்.

சபை அன்று எந்தத் தீர்மானமும் செய்யாமல் கலைந்தது. அக்கரைத் தெருவை வெளியே அனுப்பவில்லை. ஆனால் சபையின் மனம் மறுநாள் எப்படி இருக்குமோ என்று பயந்து, முப்பது குடும்பங்கள் அன்று மாலையே தாமாகத் தெற்கு வாயில் வழியாகப் போய்விட்டன. ஆற்றைக் கடக்கும் முன்பே அவர்களில் பாதிப்பேர் பகைவரின் முன்படையிடம் சிக்கினார்கள்.

சேந்தனின் பதவி போயிற்று. அவர் மதிலுக்குக் கல் சுமந்தார்.

படை வந்தது. முப்பத்தாறு நாள் ஊரைச் சூழ்ந்து நின்றது. வடக்கு மதிலில் ஓரிடம் இடிந்தது. அங்கே பலர் இறந்தார்கள். கிழக்கு வாயிலைக் காவலர்களும் கயிறு திரிப்பவர்களும் மாறிமாறிக் காத்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பாமல், இரு தரப்பும் தூங்காமல் காத்தார்கள். முப்பத்தேழாம் நாள் காலையில் பார்த்தபோது வெளியே கூடாரங்கள் இல்லை. பகைவர் ஏன் போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நண்பகலுக்குள் சேந்தன் அதற்கு மூன்று காரணங்களைக் கேட்டுவிட்டார்.

குரத்தியார் அக்கரைத் தெருவிலேயே தங்கிவிட்டிருந்தார். காயம்பட்டவர்களின் நடுவில் அவரைச் சேந்தன் கண்டார். இருவரும் மெலிந்து போயிருந்தார்கள். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்த கண்டன் தலை நிமிரவில்லை.

"காலையில் ஒருவர் என்னைத் தேடி வந்தார்" என்றார் சேந்தன். "வடக்கு மதில் தானாக இடியவில்லையாம். ஒரு தெருவின் பெயரைச் சொன்னார். எழுதி வைக்கச் சொன்னார்."

"நீர் என்ன சொன்னீர்?"

"பார்த்தீரா என்று கேட்டேன். எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். கோபித்துக்கொண்டு போய்விட்டார். வேறு யாரிடமாவது சொல்லுவார்."

"சொல்லுவார்."

சேந்தன் குரலைத் தாழ்த்தினார்.

"அடிகளே, நான் எழுதிய அந்த ஓலை இன்னும் ஓலைக்கட்டுக்குள்தான் இருக்கிறது. எனக்குப் பின் யாரோ அதை எடுத்துப் படிப்பார்கள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எரித்துவிடட்டுமா?"

குரத்தியார் ஒரு காயத்தைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேண்டாம். ஒன்பது பேர் ஏன் செத்தார்கள் என்பதற்கு வேறு ஓலை இல்லை" என்றார். "அதன் அடியில் உம் பெயரை எழுதும். அன்றைய வயதையும் எழுதும்."