பெயரில்லாத ஓலை

முன்னொரு காலத்தில் தாழைநாட்டை மகிழவர்மன் என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதுகிறார்களோ, அவர்கள் சொன்னதே அவருக்கு வேதம்!

அவருடைய கல்விச்சாலையில் ஆண்டுக்கு முப்பது பேருக்குத்தான் இடம். நாடு முழுக்க ஒரே நாள், ஒரே கேள்வி. ஓலையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மந்திரி காரிநம்பி அப்படி எழுதி நுழைந்தவர். அப்பா உப்பு வண்டிக்காரர். அந்த நாளை நினைத்தால் இப்போதும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அடடா, அது ஒரு காலம்! சேனாதிபதி மகனும் செக்காட்டுகிறவர் மகனும் ஒரே பாயில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மண்டபம் முழுக்க எழுத்தாணி கீறும் சத்தம். இவருடைய ஆணி மழுங்கியபோது, முகம் தெரியாத ஒருவன் தன்னிடமிருந்த இன்னொன்றை இவர் பக்கம் தள்ளிவிட்டான்.

அந்த வழக்கத்தைக் கெடுத்தவர் கல்விச்சாலை அதிகாரி வச்சிரநாதர். மந்திரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராஜா, ஒரு நாள் ஓலையை வைத்து ஆளை எடைபோட முடியுமா? குலம் கோத்திரம், பெரிய மனிதர் சிபாரிசு எல்லாம் பார்க்க வேண்டாமா?" என்றார்.

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா. ஓலையின் தலைப்பில் பெயரும் தகப்பன் தொழிலும் ஏறின.

அந்த ஆண்டுக் கேள்வி, காய்ச்சலைத் தணிப்பது எப்படி என்பது. படகோட்டி மகள் பூங்காவனம் மந்திரியிடம் வந்து அழுதாள். "ஐயா, தலைப்பைப் பார்த்ததுமே என் ஓலையை ஒதுக்கிவிட்டார்களாம். நாளை மறுநாள் பட்டியல் வாசிக்கிறார்கள். அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும்."

மந்திரி நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, இந்த வருஷக் கேள்வி உங்களுக்கே கடினம்."

"என்ன! அரண்மனை வைத்தியருக்கே பாடம் சொன்னவன் நான். கொண்டு வாரும் ஓலையை!"

ராஜா எழுதித் தள்ளினார். "வேறு பெயரில் அதிகாரியிடம் கொடுக்கிறேன். நீங்கள் சபையில் வாய் திறக்கக் கூடாது" என்றார் மந்திரி. ராஜாவுக்கு விளையாட்டென்றால் கொள்ளை ஆசை.

மறுநாள் சபையில் மந்திரி வச்சிரநாதரிடம் இரண்டு ஓலைகளை நீட்டினார். முதல் ஓலையின் தலைப்பில், 'கழுதை மேய்க்கும் மாடன் மகன்'.

"தூ! எழுத்திலேயே கழுதை வாடை. மூடன்!" வச்சிரநாதர் வீசி எறிந்தார். ராஜாவின் மீசை துடித்தது.

இரண்டாவதில், 'குறுநில மன்னர் மகன்'.

"ஆகா! பரம்பரை ஞானம் என்றால் இதுவல்லவா!"

"கொஞ்சம் வாசித்துக் காட்டுங்களேன்" என்றார் மந்திரி.

"புளியைக் கரைத்து... மிளகு சீரகம் தட்டிப் போட்டு... நுரை கட்டியதும் இறக்கி..." அதிகாரியின் குரல் உள்ளே போய்விட்டது.

"ரசம் ருசியாகத்தான் இருக்கும். எழுதியவர் எங்கள் வீட்டுச் சமையற்காரர்."

"அப்படியானால் அந்த முதல் ஓலை?" என்றார் அதிகாரி.

"அந்த மூடன் நான்தானய்யா!" என்று சிம்மாசனத்திலிருந்து எழுந்தார் ராஜா. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஒரு நாள் ஓலை ஆளை முழுசாக அளக்காது, மகாராஜா. அதிகாரி சொன்னது மெய்தான்" என்றார் மந்திரி. "ஆனால் தகப்பன் தொழில் அந்த அளவுக்குக்கூட அளக்காதே!"

தலைப்பை நறுக்கிவிட்டு எல்லா ஓலைகளையும் ஆசிரியர்கள் மறுபடி படிக்க வேண்டும் என்று ராஜா ஆணையிட்டார். நறுக்கி எண் போடும் வேலை இனி வருஷா வருஷம் வச்சிரநாதருக்கு. மந்திரிக்குத் தன் முத்துமாலையையே கழற்றிப் போட்டார்.

மறுநாள் பட்டியல் வாசித்தார்கள். இருபத்தொன்பது பேர் ஆயிற்று. மந்திரி விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பதாவதாகப் படகோட்டி மகள் பெயர் வந்தது.

"கடைசி இடம்தானா? இதற்கா இத்தனை பாடுபட்டீர்?" என்றார் ராஜா.

காரிநம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் வருஷத்தில் முப்பதாவது ஆள் நான்தான், மகாராஜா."