கயிற்றின் மறுமுனை

ரஷ்யாவுக்கும் அதன் மேற்கே இருக்கும் ஒரு சின்ன நாட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரி. குளிர்காலத்தில் முழுக்க உறைந்துவிடும். எல்லைக்கோடு ஏரியின் நடுவே போகிறது என்று வரைபடம் சொல்லும். பனியில் இறங்கித் தேடினால் ஒன்றும் தெரியாது.

மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊர். ஊரார் பேசுவது ரஷ்ய மொழி. அங்கே ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த துறவியின் பெயர் அகாஃபியா.

தூமஸ் அவருடைய சீடர். அந்தச் சின்ன நாட்டின் தலைநகரில் பெரிய அதிகாரி, ஐம்பதைத் தாண்டியவர். ஏழு வருஷமாகக் குளிர்காலத்தில் வந்து போகிறார். அவருக்கு அந்த ஊர் மொழி மட்டும் ஏறவே இல்லை. அந்த முறை ஒரு கேள்வியோடு வந்தார்.

“அம்மா, தன் மொழி பேசுகிறவர்கள் இருக்கும் இடமெல்லாம் தன்னுடையது என்கிறது ரஷ்யா. எதுவரை வந்தால் நாம் சண்டைக்குப் போவது என்று முடிவு செய்ய மேற்கு நாடுகள் சேர்ந்து ஒரு குழு போட்டிருக்கின்றன. நானும் அதில் இருக்கிறேன். மேற்கு எங்கே முடிகிறது?”

“இந்த ஊர் உள்ளேயா, வெளியேயா?”

“அதுதான் சிக்கல். இவர்களுக்காக எதற்குச் சாவது என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். நாளைக்கு நான் எழுதி அனுப்ப வேண்டும். வெளியே என்று எழுதினால் இங்கிருக்கும் காவல் படை ஊரை விட்டுப் போய்விடும்.”

அகாஃபியா பதில் சொல்வதற்குள் ஏரி முழங்கியது. இருவரும் கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

பனி பிளந்திருந்தது. ஒரு ஊர் அகலத்துக்கு ஒரு பாளம் தனியாகப் பிரிந்து, மெதுவாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அத்தனை பெரியது அத்தனை சத்தமில்லாமல் போனது. தான் படித்த படிப்பெல்லாம் எதற்கு என்று அந்த ஒரு நொடியில் தூமஸுக்குத் தோன்றியது.

பாளத்தின் விளிம்பில் ஒரு மனிதன் நின்றிருந்தான். அந்த ஊர் மீனவன் யெஃபீம்.

எதிர்ப்பக்கம், தொலைவில், ரஷ்யச் சிப்பாய்கள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.

“என்ன சொல்கிறார்கள்?”

“‘பயப்படாதே சகோதரா, நீ நம்ம ஆள், அப்படியே நில், இங்கே வந்து சேர்ந்துவிடுவாய்’ என்கிறார்கள்.”

அகாஃபியா ஒரு கயிற்றுச் சுருளை எடுத்துவந்து தூமஸிடம் நீட்டினார். “நீ வீசு. குழுவில் உட்கார்ந்து வளர்த்த உடம்பு, இன்றைக்காவது உதவட்டும். முதலில் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொள்.”

“வேண்டாம் அம்மா. கையில் கெட்டியாகப் பிடித்திருக்கிறேன்.”

வீசினார். கயிறு யெஃபீமின் காலடியில் போய் விழுந்தது. அவன் குனியவில்லை. ஏதோ கத்தினான். அப்படியே நின்றான். நடுவில் கறுத்த தண்ணீர் அகன்றுகொண்டே போனது.

“பார்த்தீர்களா? அவனுக்கே நாம் வேண்டாம். அந்தப் பக்கம்தான் போகப் பார்க்கிறான்.”

“அவன் உன் இடுப்பைப் பார்க்கிறான்.”

“எதற்கு?”

“இந்த ஊரில் கயிறு வீசுகிறவன் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்வான். கையில் பிடித்தவன் பாதியில் விட்டால் தண்ணீரில் இறங்கியவனுக்குச் சாவு. அங்கேயே நின்றால் உயிராவது மிஞ்சும். அந்தக் கரையில்.”

“கட்டிக்கொண்டால் அவனோடு நானும் போய்விடுவேனே!”

“ஆமாம்.”

ஒலிபெருக்கி அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. யெஃபீம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றைத் தொடவும் இல்லை. இப்படி ஒரு பொறுமையைத் தூமஸ் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பயத்தைவிட வியப்புதான் அவருக்கு அதிகமாக இருந்தது.

கயிற்றை இடுப்பில் சுற்றினார். முடிச்சுப் போட்டார். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

யெஃபீம் சட்டென்று குனிந்து கயிற்றை எடுத்து மார்பில் கட்டினான். சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். குதித்தான்.

கயிறு விறைத்தது. தூமஸ் முகம் குப்புற விழுந்து விளிம்பை நோக்கி வழுக்கினார். அகாஃபியா அவர் கால்களைக் கட்டிப்பிடித்துப் பனியில் படுத்துக்கொண்டார். தண்ணீருக்கு ஒரு முழம் இருக்கும்போது வழுக்கல் நின்றது. பிறகு பிடி பிடியாக இழுத்தார்கள்.

யெஃபீம் மேலே ஏறி, நீலம் பாரித்த உதடுகளோடு ஏதோ சொன்னான். ஊரார் வந்து அவனைக் கம்பளியில் சுற்றித் தூக்கிப் போனார்கள். ஒலிபெருக்கி ஓய்ந்துவிட்டது. வெறும் பாளம் மட்டும் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

தூமஸ் பனியில் கிடந்தபடியே கேட்டார்.

“அம்மா, நாளைக்கு நான் என்ன எழுதுவது? மேற்கு எதுவரை?”

“உன் குழுவில் எத்தனை பேர்?”

“பதினான்கு.”

“போய் ஒவ்வொருவர் இடுப்பையும் பார். பார்த்துவிட்டு எழுது.”